அக்கா கேட்ட பங்கு

மகளுக்கும் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. எங்கள் குஜிலியம்பாறைப் பக்கம் வருவதற்கு மட்டும் அதற்கு இன்னும் பஸ் கிடைக்கவில்லை. அங்கே வழக்கம் வேறு. அப்பா காலமானதும் ஆண்பிள்ளைகள் உடன்பிறந்தவளுக்குப் பட்டுச்சேலை எடுத்துத் தருவார்கள், வயிறாரச் சாப்பாடு போடுவார்கள், அப்படியே பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போய், பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுவார்கள்.

எங்கள் அப்பா போனதும் என் அண்ணனும் அதைத்தான் செய்தான். கெட்டவன் இல்லை, ஊரே செய்வதைத் தானும் செய்தான். திண்டுக்கல்லில் இருந்த கடைசித் தங்கச்சி என்னையும் அக்காவையும் காரில் ஏற்றி, முதலில் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். குறை சொல்லக் கூடாது, நல்ல பிரியாணி. நான்தான் ஆத்திரத்தில் இலையைத் தள்ளி வைத்துவிட்டேன். அக்கா புருஷனை இழந்தவள். பேகம்பூரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்து துணி தைத்துப் பிழைத்தாள். அந்த அறையையும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போக்கிடம் கிடையாது. அவளோ இன்னும் கொஞ்சம் வெங்காயப் பச்சடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்!

யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவள். அவளுக்கும் சேர்த்து நான்தான் சண்டை போட வேண்டும் என்று, பேசவேண்டியதை எல்லாம் வழிநெடுக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

பத்திர ஆபீசில் முதலில் அக்காவைக் கூப்பிட்டார்கள். கைரேகை வாங்கும் முன், எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அதிகாரி தலை நிமிராமலே கேட்டார்.

"முழு சம்மதத்தோடதான எழுதிக் குடுக்குறீங்க?"

"இல்ல சார்" என்றாள் அக்கா.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏக்கா, இம்புட்டு நேரம் சும்மாதான இருந்த?"

"நீ கேக்கவே இல்லையே தம்பி. இவரு கேட்டாரு, சொன்னேன். எனக்குக் குடியிருக்க இடம் வேணும்."

எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. நான் அடுக்கி வைத்திருந்த பேச்சில் ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. "எனக்கும் சம்மதம் இல்லை" என்று மட்டும் சொன்னேன். பத்திரம் அன்றைக்குப் பதிவாகவில்லை.

அண்ணன் கொஞ்ச காலம் முகம் கொடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள், திட்டிக்கொண்டே பாகப்பிரிவினைக்கும் வந்து உட்கார்ந்தார்கள். ரோட்டோரம் அக்கா பங்குக்கு வந்த நிலத்தில் இரண்டு அறையோடு வீடு எழும்பியது.

கிரகப்பிரவேசத்துக்கு அண்ணன் கடைசி ஆளாக வந்து வாசலிலேயே தயங்கி நின்றான். அக்கா அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வா தம்பி, எம்புட்டு நாள் வேணும்னாலும் இரு. இங்க நம்மள யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது."