கண்ணாடிக்குள் உதிரும் முகம்

ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுதான், பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சின் பேஸ்டல் உருவப்படங்களை நூலகத்தில் பார்த்தேன். நிறத்தூளைக் குச்சியாக்கி வரைந்தவை. எண்ணெய் ஓவியம்போல் உலரக் காத்திருக்க வேண்டாம். அம்மைத் தழும்பு முகங்கள்கூட அந்தத் தூளில் மென்மையாகத் தெரிந்தன. ஆனால் தூள் தாளில் ஊறுவதில்லை. மேலே தங்கியிருக்கும், அவ்வளவுதான். குலுங்கினால் உதிரும்.

பொங்கல் லீவில் குச்சிகளோடு பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தறி வீட்டுக்கு வந்தேன். அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. முகம் வெளுத்து வற்றிவிட்டது. போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டேன், வர மறுத்தாள்.

"போட்டோ உள்ளத உள்ளபடி காட்டிடும்பா. நீ வரை. பொய் சொல்லத்தானே படிக்கற?"

குச்சிகளைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாபா, சாக்பீசு. வாத்தியார் வேலைக்குப் போறியா?"

கன்னத்தில் இளஞ்சிவப்பை விரலால் தேய்த்து முடித்ததும் வாங்கிப் பார்த்தாள். "கொஞ்சம் சதை போட்டிருக்கற. நல்லாத்தான் இருக்குது."

ஆடியில் இறந்துபோனாள். வளர்ந்தபின் அவளுக்கென்று இருந்த ஒரே படம் அதுதான். கண்ணாடி தாளில் படாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போட்டு மாட்டினோம். அம்மா கண்ணாடியில் சந்தனம், குங்குமம் வைத்து விளக்கேற்றினாள்.

காரியம் முடிந்து அப்பா தறியில் உட்கார்ந்தார். குறுக்கே ஓடும் ஊடை நூலை இறுக்கப் பலகையை அடிக்கும்போதெல்லாம் வீடே லேசாக அதிர்ந்தது. சில நாளில் சட்டத்தின் கீழ்விளிம்பில், கண்ணாடிக்கு உள்ளே, மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு.

ஹாஸ்டலுக்கு எடுத்துப் போகிறேன் என்றேன்.

"விளக்கேத்தின படத்த ஊட்ட விட்டு எடுக்கக் கூடாதுபா," என்றாள் அம்மா.

அப்பா பலகையை மெதுவாக அடித்துப் பார்த்தார். பிறகு நெய்ததைத் தடவிவிட்டு, அவரே ஊடையைப் பிரித்தார். "சேலை தொளதொளன்னு ஆவுது. யார் வாங்குவா?"

ஒரே வழிதான் மிச்சம். தூள் உதிராமலிருக்கப் பசைத் தண்ணீர் தெளிக்கலாம். தெளித்தால் நிறம் கறுத்துவிடும். இரண்டையும் அம்மாவிடம் சொன்னேன்.

அவள் படத்தைப் பார்த்தாள்.

"கடைசில ஆஸ்பத்திரில அவ முகம் கறுத்துத்தான் கெடந்துது. அத நான் தெனமும் பாக்கணுமா? வேணாம்பா. போற வரைக்கும் போவட்டும்."

அப்பா எங்களைப் பார்த்தார். தலையாட்டினேன். அவர் மறுபடி அடிக்கத் தொடங்கினார்.

இப்போது இடது கன்னத்தில் தாள் தெரிகிறது.