தாள் வந்தால் ஆஜர்

என் கையெழுத்து எனக்கே திரும்பி வந்த கதையைச் சொல்கிறேன். புதிதாக வாத்தியார் வேலைக்கு வருகிறவர்கள் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி, திட்டு வாங்க வேண்டியவன்தான்.

1. என் சட்டம்

தோட்டங்களெல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் கையில் இருந்த காலம். ஏற்காட்டில் ஒரு சின்ன ஹைஸ்கூலில் நாலாம் பாரத்துக்கு, இப்போதைய ஒன்பதாம் வகுப்புக்கு, நான் இங்கிலீஷ் வாத்தியார். சேலத்திலிருந்து மலையேறி வந்த இளவயசுத் திமிர். முதல் நாளே பன்னிரண்டு காம்போசிஷன் தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். வாரத்துக்கு ஒன்று. ஃபுல்ஸ்கேப் தாளில் எழுதி, திங்கட்கிழமை காலையில் என் மேஜையில் இருக்க வேண்டும். தப்புக்குச் சிவப்பு மையில் திருத்தம் எழுதித் தருவேன். அடுத்த தாளின் தலையில் அதை ஐந்து முறை எழுத வேண்டும். இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

மழைக்காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். பத்து நாள் தொடர்ந்து வராவிட்டால் பேரை அடித்துவிடுவார் ஹெட்மாஸ்டர். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தோட்டத்துத் தபால்காரர் தினமும் ஏற்காடு போஸ்டாபீசுக்கு நடந்து வருவார். அவரிடம் தாளைக் கொடுத்தனுப்பினால் அந்த வாரம் முழுக்க ஆஜர் போட்டுவிடுவேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு.

2. ஏழாவது தாள்

பழனியம்மாள் நாகலூர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா தோட்டக் கூலி. கூலிகள் குடியிருந்த அந்த லைன் வீடுகளிலிருந்து ஹைஸ்கூலுக்கு வந்த முதல் பெண் அவள்தான். நாலு வாரம் வந்தாள். ஐந்தாவது வாரம், காய்ச்சல் என்ற சேதியோடு தாள் மட்டும் வந்தது. ஆறாவதும் அப்படியே, திருத்தம் உட்பட எல்லாம் ஒழுங்கு.

ஏழாவது தாளில் திருத்தத்துக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது. மடிப்பைப் பிரித்தபோது சாம்பிராணி வாடை அடித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பான வரிக்குக் கீழே சரியான வரியை எழுதி, பக்கத்தில் 'கேர்லெஸ்' என்று கிறுக்கி, இனிஷியல் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று தபால்காரரைக் கேட்டேன்.

அவர் பையின் வாரைச் சரிசெய்துகொண்டே, "இப்பக் காச்சல் இல்லீங்க சார்" என்றார்.

"அப்போ வரச் சொல்லுங்க."

அவர் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

அந்த வாரம் வகுப்பிலும் ஏதோ சரியில்லை. அவள் பேரைக் கூப்பிட்டு, "தாள் வந்தாச்சு, ஆஜர்" என்று நான் சொன்னதும் வகுப்பிலிருந்த நாகலூர்ப் பிள்ளைகள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்களே தவிர, அவள் இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஜன்னல் வழியாக வந்த மூடுபனி அந்த இடத்தில் நின்றது.

"தள்ளி உட்காரேன்" என்றேன் பக்கத்துப் பெண்ணிடம்.

"அது பழனியம்மா எடமுங்க சார்" என்றாள்.

எட்டாவது தாள் வந்தது. தலையில் ஐந்து வரிகள். அவள் கையெழுத்து இல்லை, என்னுடையது. என் சாய்வு, என் கோணல் வால்கள். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் 'கேர்லெஸ்'. அதன் கீழே என் இனிஷியல், ஐந்து முறை. அதற்கும் கீழே காம்போசிஷன் மட்டும் பழனியம்மாளின் உருண்டை எழுத்தில். இதை நான் எப்போது எழுதினேன் என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அப்புறம், வாத்தியாரைக் கேலி செய்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். பயந்ததை ஒப்புக்கொள்ள மனசில்லை.

3. நாகலூர்ப் பாதை

சனிக்கிழமை மதியம் தபால்காரரோடு கிளம்பினேன். பனியில் ஆளே தெரியவில்லை. அவர் தடியில் கட்டிய சலங்கைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். லைன் வீடுகள் வந்ததும் ஒரு வாசலைக் காட்டிவிட்டு நின்றார்.

"நீங்களே போங்க சார். நாஞ் சொன்னா நல்லாருக்காதுங்க."

உள்ளே பட்டப்பகலில் அகல் விளக்கு எரிந்தது. பக்கத்தில் பேனா, மைக்கூடு, நான் திருத்திய தாள்கள். பழனியம்மாளின் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஏனுங்க சார், தப்பா எழுதிப்புட்டனுங்களா?"

"நீங்களா எழுதினீங்க? உங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியாதுங்க. செவப்பு மையில இருக்கறத அஞ்சு தடவ எழுதோணும்னு புள்ள சொல்லுமுங்க. கோலத்தப் பாத்துப் போடறாப்பல பாத்துப் பாத்துப் போட்டனுங்க. நொம்ப நேரமாயிப்போச்சுங்க."

"பழனியம்மா எங்கே?"

"ஆடி பொறந்து மூணாம் நாளு போயிட்டாளுங்க."

ஏழாவது தாள் வருவதற்கு முன்பே. அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் ஆஜர் போட்டிருக்கிறேன். காய்ச்சல் கண்டதுமே மீதித் தலைப்புகள் எல்லாவற்றையும் படுத்தபடி எழுதி அடுக்கி வைத்திருக்கிறாள்.

"'தாளு போயிட்டே இருந்தா பேர அடிக்க மாட்டாங்கம்மா'ன்னு சொன்னாளுங்க. நீங்க தெனமும் அவ பேரக் கூப்புடறீங்களாமா. நாகலூர்ப் புள்ளைக வந்து சொன்னாங்க. அவங்ககிட்ட, சொல்லிப்போடாதீங்க கண்ணுன்னு நாந்தான் கையெடுத்துக் கும்புட்டனுங்க. பேரையும் அடிச்சுப்போட்டா எம்புள்ளைக்கு என்னங்க மிச்சம்?"

மீதியிருந்த நாலு தாள்களையும் என் கையில் கொடுத்தார். கடைசித் தாளைப் பிரித்தேன். பன்னிரண்டாவது தலைப்பு, வகுப்பாசிரியருக்கு விடுப்புக் கடிதம்.

"இதுல என்னங்க எழுதியிருக்குது?"

"காய்ச்சலா இருக்கு, லீவு வேணும்னு எனக்கு எழுதியிருக்கா."

"எத்தன நாளைக்குங்க?"

தேதிக்கு விட்டிருந்த இடம் காலியாக இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை அவள் பேரைக் கூப்பிட்டேன். "லீவு" என்று நானே சொல்லி ரிஜிஸ்டரில் எழுதினேன். வருஷக் கடைசிவரை அப்படித்தான் எழுதினேன். ஹெட்மாஸ்டர் கேட்டபோது அந்தக் கடிதத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் ரிட்டயர் ஆகும்வரை, முகத்தைப் பார்க்காமல் யாருக்கும் நான் ஆஜர் போட்டதில்லை. வீட்டுப்பாடம் வரவில்லை என்றால் பேனாவை எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிடுவேன். நான் கற்ற பாடம் இவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தில் ஒரு தப்பு இருந்தது. நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அந்த அம்மா அதையும் ஐந்து முறை எழுதி அனுப்பியிருப்பார்.