மூன்று மணிக்கு உதறும் விரிப்பு

எங்கள் தெருவில் அவளுக்குச் ‘சுத்தக்காரி’ என்றுதான் பெயர். வேலைக்குப் போகிற அம்மாக்களின் ஏழு பிள்ளைகளைத் தன் முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அதுதான் பிழைப்பு. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். மத்தியானம் மூன்று மணிக்குப் பிள்ளைகள் தூங்கி எழுந்ததும் விரிப்பை எடுத்து அறைக்குள்ளேயே படார் படார் என்று உதறுவாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் டீக்கு அடுப்பைப் பற்றவைப்பேன்.

போன மாதம் அந்த அறைக்குள் கீரிப்பூச்சி நுழைந்துவிட்டது.

தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவளின் நாலு வயது மகளுக்குத்தான் முதலில். ராத்திரியானால் பின்பக்கம் ஒரே அரிப்பு. அம்மாக்காரி டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளை நூல் துண்டு மாதிரி நெளிகிறது. மறைக்காமல் மறுநாளே வந்து சொன்னாள். டாக்டர் ஏழு பிள்ளைகளுக்கும் மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தரமும் போட்டாயிற்று. அப்புறமும் மூன்று பிள்ளைகள் சொறிய ஆரம்பித்தன.

பழி யார் மேல்? வாயைத் திறந்து சொன்னவள் மேல்தான். தன் பிள்ளையையும் அங்கே விடுகிற மருந்துக்கடைக்காரர் மனைவி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்றே தீர்ப்பு எழுதிவிட்டாள். திங்கட்கிழமை தையல்காரியின் பிள்ளை வந்தால் மற்ற ஆறு பேரும் வரமாட்டார்களாம். தையல்காரிக்கு வேறு போக்கிடம் இல்லை. இனி ஒரு நாள் லீவு போட்டாலும் மெஷினில் வேறு ஆள் உட்காரும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

சுத்தக்காரி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். “நான் என்னக்கா பண்றது? ஆறு புள்ளையா, ஒரு புள்ளையான்னா ஆறுதானே?”

“அந்தப் புள்ளைய அனுப்பினா பூச்சியும் பையை மாட்டிக்கிட்டுக் கூடவே போயிடுமாடி?” என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் நானே சுகாதார நிலையத்து நர்ஸைக் கூட்டிவந்தேன். நர்ஸ் பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தார், ஒட்ட வெட்டியிருந்தது. சோப்பு இருந்தது. ஆளுக்கொரு துண்டு கொடியில் தொங்கியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தக்காரி முகத்தில் ஒரு மிதப்பு. மணி மூன்றானது. பிள்ளைகள் எழுந்தார்கள். அவள் வழக்கம்போல விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினாள்.

“கீழ வைங்க,” என்றார் நர்ஸ்.

“தூசி போக வேணாமா?”

“தூசி மட்டுமா போகுது? சொறிஞ்ச கையில, ஜட்டியில இருக்கிற முட்டை எல்லாம் இதுல ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நீங்க உதறினா பறந்து போய்ப் பொம்மை மேல உட்காரும். ரெண்டு வாரத்துக்கு மேலயும் சாகாது. பொம்மையைத் தொட்ட கையை வாயில வச்சாப் போதும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.”

சுத்தக்காரி விரிப்பைத் தரையில் விட்டாள். அவள் மாத்திரை போட்டாளா என்று நர்ஸ் கேட்டார். தனக்கு எதற்கு என்றாள். பிள்ளைகள், அவரவர் வீட்டு ஆட்கள், அவள் எல்லாருமே ஒரே நாளில் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். விரிப்பை உதறாமல் சுருட்டி வெந்நீரில் துவைக்க வேண்டும். பிள்ளைகளைக் காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி ஜட்டி மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு நர்ஸ் கிளம்பினார்.

“இது வெளிய தெரிஞ்சா என் கதை முடிஞ்சுதுக்கா.”

“தெரியலன்னா தையல்காரி கதை முடிஞ்சுது,” என்றேன்.

ஆறு மணிக்கு அம்மாக்கள் வந்தார்கள். தையல்காரி கடைசியாக வந்து, செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றாள். என்ன முடிவு என்று மருந்துக்கடைக்காரர் மனைவி கேட்டாள். சுத்தக்காரி ஈரமில்லாத கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“இந்தப் புள்ள இங்கதான் இருக்கும். எல்லாருக்கும் பரப்பினது நான்தான்,” என்றாள். விரிப்பு விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“பேரு மட்டும் சுத்தக்காரி,” என்று சொல்லி மருந்துக்கடைக்காரர் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே இன்னொருத்தி. மற்றவர்கள் மாத்திரை பெயரை எழுதிக்கொண்டார்கள்.

தையல்காரி அப்போதும் படியில்தான் நின்றாள். “திங்கட்கிழமை...”

“ஏழரைக்குக் கொண்டாந்து விடு. லேட் பண்ணாதே.”

ஐந்து பிள்ளைகளோடு மாதத்தை ஓட்டுவது அவளுக்கு இழுபறிதான். மூன்று மணிக்கு விரிப்பைச் சுருட்டும்போது கை உதறப் பார்க்கிறதாம், பல்லைக் கடித்துக்கொள்கிறாளாம். சுவருக்கு இந்தப் பக்கம் சத்தமே வருவதில்லை. நான் இப்போது கடிகாரத்தைப் பார்த்து டீ போடுகிறேன்.