மாஸ்டரின் மடியிலிருந்து எடுத்தது

மாஸ்டரின் மடியில் கிடந்த ஹவாயன் கிட்டாரை இந்த இரண்டு கைகளால் எடுத்தவள் நான். ஐந்து கிலோகூட இருக்காது. கறுப்புப் பலகை, அதில் ஆறு தந்திகள். வலது முழங்கை உரசும் இடத்தில் மட்டும் பாலிஷ் போய் வெள்ளை மரம் தெரியும். அவர் இறந்தபோது அஞ்சலிக் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். பேசினேன். கோயம்புத்தூரில் அவரைப் போல் வாசித்தவர் இல்லை என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன், கைதட்டினார்கள். நான் சொன்னது எல்லாமே உண்மைதான். கிட்டாரை எடுத்ததை மட்டும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் இருந்த ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பாடகி. வார நாட்களில் பம்ப் கம்பெனி ஆபீசில் டைப் அடிப்பேன், சனி ஞாயிறுகளில் கல்யாணம், கோயில் விசேஷம் என்று பாடப் போவேன். மாஸ்டருக்கு அப்போதே அறுபது தாண்டிவிட்டது. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை சர்ச்சில் வாசித்துவிட்டு மதியம் எங்களோடு வேனில் ஏறுவார். மற்ற கிட்டார்களைப் போல் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் படுக்கவைத்துத்தான் வாசிக்க வேண்டும். இடது கையில் ஒரு எஃகு உருளை. மில்லில் கழித்துப் போட்ட ஒரு ரோலர் தண்டிலிருந்து அவரே லேத்தில் கடைந்து எடுத்தது. அதைத் தந்தி மேல் வைத்து இழுத்தால் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு ஒலி வழுக்கிக்கொண்டு போகும். வழுக்கவைப்பது யாருக்கும் வரும். எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. மாஸ்டர் நிறுத்துகிற இடத்தில் பாட்டின் வார்த்தை காதில் விழும். நான் வாய் திறந்து பாடியபோது விழாத வார்த்தை அவர் வாசித்தபோது விழுந்தது. பொறாமையாக இருக்கும். பொறாமைப்பட்டுக்கொண்டே வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் நல்ல மனிதர் என்று அஞ்சலிக் கூட்டத்தில் எல்லாரும் சொன்னார்கள். அவருடைய நாக்கு எப்படிப்பட்டது என்று எங்களுக்குத்தான் தெரியும். குரலை உயர்த்த மாட்டார், மரியாதை குறையாது, ஆனால் தோலை உரித்துவிடுவார். நான் சுருதி விலகினால் பாட்டு முடிந்ததும் பக்கத்தில் வந்து, "அம்மணி, நல்லாத்தானுங்க பாடுனீங்க. பாட்டு பக்கத்து ஊட்டுல ஓடீட்டிருந்துது, நீங்க இங்க இருந்தீங்க, அவ்வளவுதானுங்க" என்பார். ஒருமுறை அழுதேவிட்டேன். "அழுது முடிச்சுப்போட்டு வாங்க. சுதி எங்கீம் போகாது, அங்கயேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு தந்தியைத் துடைக்கப் போய்விட்டார். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், நான் மைக்கைப் பிடித்ததும், கூட்டத்துக்குக் கேட்காத அளவில் ஒரே ஒரு இழுப்பு இழுத்து எனக்கு ஆரம்ப சுருதியைக் காட்டுவார். திட்டியதற்கும் காட்டியதற்கும் காரணம் ஒன்றுதான். நான் சரியாகப் பாட வேண்டும் என்று அந்தக் குழுவிலேயே அவர் ஒருவர்தான் நினைத்தார்.

இன்னொன்று, ஆரம்பித்த பாட்டை நடுவில் விட மாட்டார். ஒரு கோயில் விசேஷத்தில் சாயங்காலம் அவர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. அந்தக் கிட்டாரில் ஆம்ப்ளிபயர் இல்லாவிட்டால் ஒலியே வராது. கூட்டம் விசிலடித்தது. தபலா வாசிக்கிறவர், அவர்தான் குழுவை நடத்தியவர், கையை எடுத்துவிட்டார். மாஸ்டர் தலையைக் குனிந்தபடி உருளையை நகர்த்திக்கொண்டே இருந்தார். கிழவருக்குக் கரண்ட் போனதே தெரியவில்லை என்று நாங்கள் சிரித்தோம். இரண்டு நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தபோது பாட்டு எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் இருந்தது. சிரித்த வாயை மூடிக்கொண்டோம்.

இப்படிப்பட்டவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்து நிகழ்ச்சி என்றால் மட்டும் வர மாட்டார். காய்ச்சல் என்பார், சர்ச்சில் வேலை என்பார். அங்கே நடந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும் அவராகவே வருகிறேன் என்றார். முகூர்த்தம் முடிந்து, பந்தி நடக்கும் நேரத்தில் கச்சேரி. காலையில் வேன் கிளம்பியபோது புதுச் சட்டையில் இருந்தார். அவிநாசியைத் தாண்டியதும் அவராகவே பேசினார்.

"எங்கப்பன் அந்தக் கல்யாண ஊட்டுத் தோட்டத்துல முப்பது வருஷம் பண்ணையத்துல இருந்தாருங்க. எல்லாம் நின்னுக்கிட்டுத்தான். நின்னுக்கிட்டே சொல்றதக் கேப்பாரு, நின்னுக்கிட்டே குடிப்பாரு. நானும் பதினாலு வயசு வரைக்கும் அந்த வாசல்ல நின்னவன்தானுங்க. இன்னைக்கி அவங்க முன்னால உக்காந்து ஒரு பாட்டு வாசிக்கோணும். முழுசா ஒண்ணு. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

நான்தான் சங்கடத்தை மாற்ற, வேண்டுமானால் இரண்டாக வாசியுங்கள் மாஸ்டர் என்றேன். "ஒண்ணு போதுமுங்க அம்மணி. ரெண்டாவதுக்குள்ள நீங்க பாட வந்துருவீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் காடு தோட்டம் உள்ள குடும்பத்தில், அவிநாசிப் பக்கம் பிறந்தவள். மேடையேறிப் பாட ஆரம்பித்ததும் அப்பா என்னைத் தலைமுழுகிவிட்டார். ஆறு வருஷமாகச் சொந்தக்காரர்கள் யாரும் என்னைத் தங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டதில்லை. அந்த மண்டபத்தில் வேனைவிட்டு இறங்கியதும் கல்யாண வீட்டுப் பெரியவரின் மருமகள் என்னிடம் வந்து, "ஏனுங்க, நீங்க ஆரு ஊட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அட, நம்ம புள்ளையா கண்ணு, வெளியில நிக்கறியே" என்று உள்ளே கூட்டிப்போய்ப் பூ வைத்துவிட்டார், தங்கள் வீட்டுப் பெண்களோடு உட்காரவைத்து இட்லி போட்டார். அப்பாவிடம் தானே பேசுவதாகச் சொன்னார். மாஸ்டர் என்ன செய்கிறார் என்று நினைக்கவே இல்லை. அவர் ஒன்றும் சாப்பிடாமல், வாசித்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்து சுருதி கூட்டிக்கொண்டிருந்தார் என்று தபலாக்காரர் பிறகு சொன்னார்.

நான்காவது உருப்படியாக அவர் வாசித்தார். பழைய மெட்டு, மெதுவானது. நான் அவர் வாசித்து நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன், அன்றைக்கு மாதிரி கேட்டதில்லை. பந்திக்குப் போக எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பல்லவி முடிந்து சரணத்துக்கு வந்தபோது உள்ளேயிருந்து பெரியவரை இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். தொண்ணூறு வயதிருக்கும். மண்டபமே எழுந்து நின்றது. தபலாக்காரரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து கும்பிட்டார். நான் எப்போதும் நின்றுகொண்டிருப்பவள்தான். உட்கார்ந்திருந்தவர் மாஸ்டர் ஒருவர் மட்டுமே. கிட்டார் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

பெரியவரின் மகன் எங்கள் பக்கம் வந்தார். மாஸ்டர் வயதுதான் இருக்கும். முகத்தை உற்றுப் பார்த்தார், யார் என்று தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை, சிரித்தார். "அட, நீயா. நல்லா வாசிக்கறியே. ஐயன் வந்துருக்காரு பாரு. எந்திரிச்சுப்போட்டு அப்பறம் வாசி" என்றார்.

மாஸ்டர் தந்தியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாட்டு முடியட்டுங்க" என்றார்.

இன்னும் நாலு வரி இருந்திருக்கும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. மகன் ஒரு வரி வரைக்கும் சும்மா நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கண்ணு, அந்தக் கிட்டாரைச் சித்த எடு. அது மடியில கெடக்கறதுனாலதான் அவன் எந்திரிக்க முடியாம உக்காந்துருக்கான்."

அந்தக் குரலில் அதட்டல் இல்லை. அடுப்பில் இருக்கிற பாலைப் பார்க்கச் சொல்வது போல, வீட்டுப் பெண்ணிடம் சொல்வது போலச் சொன்னார். அந்தம்மா அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். யாரும் என்னை மிரட்டவில்லை. கழுத்தில் யாரும் கை வைக்கவில்லை. நான் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினேன், இரண்டு எட்டு வைத்தேன், குனிந்து கிட்டாரை எடுத்தேன். அவர் பிடித்து இழுக்கவில்லை. உருளை கையிலிருந்து நழுவித் தந்திகள் மேல் உருண்டது. ஸ்பீக்கரில் ஒரு அலறல் கேட்டது. மண்டபத்தில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. மாஸ்டர் காலியான மடியைப் பார்த்தார். அப்புறம் எழுந்து நின்றார். வலது கை விரல்களில் தந்தி மீட்ட மாட்டியிருந்த பிளாஸ்டிக் நகங்கள் அப்படியே இருந்தன.

பெரியவருக்குக் கண் தெரியாது. இரண்டு கண்ணிலும் புரை. யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அந்த அமைதியில் அவர் குரல் மட்டும் கேட்டது. "ஏன் நின்னுபோச்சு? நல்லாருந்துதே. அதக் கேக்கத்தானே கூட்டியாரச் சொன்னேன்."

"முடிஞ்சுபோச்சுங்கய்யா" என்றார் மகன்.

மறுபடி வாசி என்று மகன் சொன்னபோது மாஸ்டர் வயரைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். கிட்டாரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், பெட்டியில் வைத்தார், வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடவில்லை. நாங்கள் கச்சேரியைத் தொடர்ந்தோம். நான் ஐந்து பாட்டுப் பாடினேன். கைதட்டினார்கள். கிளம்பும்போது அந்தம்மா தாம்பூலத்தோடு ஒரு சேலை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அப்பாவிடம் அவர் பேசவே இல்லை. அடுத்த வருஷம் வேறொரு கல்யாணத்தில் அந்தம்மா முன்னால் போய் நின்றேன். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் சாப்பிடும் இடம் பின்பக்கம் என்று கையைக் காட்டினார். என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு இட்லிக்கும் ஒரு முழம் பூவுக்கும் நான் செய்த வேலை அது.

மாஸ்டர் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் எங்களோடு வாசித்தார். என்னிடம் முகம் கோணவில்லை. வந்தால் வாங்க அம்மணி, போனால் போயிட்டு வாங்க அம்மணி. ஆனால் என் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுருதி விலகினேன், சும்மா இருந்தார். தாளம் தப்பினேன், சும்மா இருந்தார். பாட்டுக்கு முன்னால் அந்த ஒரு இழுப்பை நிறுத்திவிட்டார். நான் சுருதியைக் கீபோர்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு திட்டாவது விழாதா என்று ஒருமுறை வேண்டுமென்றே தப்பாகப் பாடினேன். "நல்லா இருந்துதுங்க" என்றார். அதைவிட ஓர் அறை அறைந்திருக்கலாம். என் பாட்டும் சீக்கிரமே கெட்டுப்போனது. இரண்டாம் தரப் பாடகியாகவே முடிந்தேன், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

அவர் குழுவைவிட்டு நின்ற பிறகு, மனசு கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்ட நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள வீடு. மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தம்மா கூப்பிட்டு இட்லி போட்டதை, அப்பாவை, ஆறு வருஷத்தை எல்லாம் கோர்வையில்லாமல் உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் மனைவி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"நீங்க எதுக்குங்க அம்மணி சங்கடப்படறீங்க" என்றார். அவருடைய பழைய குரல், இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டேன். "எங்கப்பனும் அப்படித்தானுங்க. எடுன்னா எடுப்பாரு, வைய்யின்னா வெப்பாரு. எதுக்குன்னு கேக்க மாட்டாரு. அவரைப் போய் நான் கோவிச்சுக்க முடியுங்களா? அவருக்காச்சும் ஊட்டுல எட்டுப் பேருங்க, சோறு போடோணும்."

நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது போல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் காபி டம்ளரைக் கையில் எடுத்துத் திரும்பக் கீழே வைத்தேன்.

"காபி ஆறுதுங்க. குடிங்க" என்றார்.

குடித்தேன்.