மூன்றாம் பாகத்தை யார் எடுப்பது?

வாலிநோக்கம் உப்பளத்துப் பெண்களை வைத்து நான் எடுத்த படத்தின் இரண்டு பாகங்களும் யூடியூபில் நன்றாக ஓடின. மூன்றாம் பாகத்தைத் தயாரிக்க முன்வந்தவர், சென்னை இயக்குநர் ஒருவரிடம் அதைக் கொடுக்கச் சொன்னார்.

"பெரிய ஆளுக கேக்குறாக, குடுத்துரு தாயி" என்றார் என்னைப் பெற்ற அய்யா. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான்; நான் எழுதிய கதை அது. அவ்வளவு எளிதாகக் கொடுத்துவிடுவேனா?

இடம் பார்க்க வந்த இயக்குநர், பெண்கள் வெயிலுக்காகச் சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்கள் சட்டையைக் கழற்றச் சொன்னார். "வெறும் சேலைதான் ஸ்கிரீன்ல அழகு."

"உங்க சட்டையக் கழட்டிட்டு இந்த வெயில்ல நில்லுங்க சார், அதுவும் அழகாத்தான் இருக்கும்" என்றாள் என் கதாநாயகியாக நடிக்கும் அத்தை.

அங்கேயே மறுத்துவிட்டேன். என்னைவிடத் திறமைசாலிகள் இருக்கலாம். இருக்கட்டும். முதல் இரண்டையும் போனில்தான் எடுத்தேன்; இதையும் நானே எடுப்பேன்.