எலுமிச்சம் பழத்துக்கு முன்னால் நின்ற காடி

இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் வாசலில் என் மானம் தப்பியது!

நாளைக்கு மாமியாருக்கு ஈப்போவில் கண் ஆப்பரேஷன். பல மாதம் காத்திருந்து கிடைத்த நாள். காடி, அதாவது கார், ஓட்டப் போவது என் மனைவி மாலா. (என்னைவிட நன்றாக ஓட்டுவாள். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.)

நேற்று பார்த்தால் பின் சக்கரத்தடியில் ஈரம். இந்த ஊர் மழைக்கு பிரேக் பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது.

தானா ராத்தா டவுன் வொர்க்‌ஷாப்பில் திங்கட்கிழமை வரை இடமில்லையாம். தேயிலை ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறவனுக்கு ஒரு பைப் மாற்றத் தெரியாதா என்று நானே சாமான் வாங்கி வந்துவிட்டேன்.

மாலா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"பெடல் கல்லு மாதிரி நிக்கணும். இல்லன்னா எங்கம்மாவ இந்தக் காடில ஏத்த மாட்டேன்."

பைப் மாற்றுவது சுலபம். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் வேலை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு சின்ன நட்டைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். அதன் பிறகுதான் காலை எடுக்கலாம்.

மிதி, திற, மூடு, விடு. காலையில் ஆரம்பித்தது மதியமாகியும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது.

பெடலை மிதித்த மாலாவிடம், நீ சரியாக மிதிக்கவில்லை என்று சொல்லித் தொலைத்தேன். (சாப்பாட்டில் அதற்குப் பதில் கிடைத்தது. ரசம் மட்டும்.)

சாப்பிட்டு வந்து மாலா பானெட்டைத் திறந்து பார்த்தாள்.

"ஏங்க, டப்பால பிரேக் ஆயில் ஒரு பக்கமாவே நிக்குது. இந்தப் பக்கத்து ஓட்டை காத்தத்தான் குடிக்குது லா."

எங்கள் வாசலே சரிவு! டயருக்குக் கல் வைத்தே பழகியவர்கள் நாங்கள், சரிவு என்பதே கண்ணில் படுவதில்லை. நான் ஒரு பக்கம் காற்றை எடுக்க எடுக்க, மறுபக்கம் அது உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி சமமான தரை என்றால் மேலே இருக்கும் கோயில் வாசல் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறு பேர் தள்ளினார்கள். மாலா ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டாள். நான் கல்லும் கையுமாக டயருக்குப் பின்னாலேயே நடந்தேன்.

அங்கே அரை மணி நேரம்தான். பெடல் கல்லு!

எழுந்து பார்த்தால் பூசாரி தட்டோடு நிற்கிறார். கோயிலுக்கு காடி வந்தால் பூசைக்குத்தான் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். சூடம் காட்டி, விபூதி பூசி, பத்தடி தள்ளி ஓர் எலுமிச்சம் பழத்தையும் வைத்தார்.

மாலா ஸ்டார்ட் செய்து கொஞ்சம் வேகமாகவே வந்தாள்.

காடி பழத்துக்கு ஒரு விரல் முன்னால் நின்றது.

"ஏன்ம்மா நிறுத்திட்ட? பழத்து மேல ஏறணும்" என்றார் பூசாரி.

"பிரேக்க பார்த்தேன் சாமி. இப்ப ஏறுறேன்."

இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமியார் என்னிடம் வந்து, சுருக்குப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். நாளைக் காலை ஈப்போவுக்கு பஸ் டிக்கெட். நான் சாமான் வாங்கி வந்ததைப் பார்த்து நேற்றே வாங்கிவிட்டாராம்!

"இனிமே இது எனக்கு வேணாம் மாப்ள. நீங்களே வெச்சுக்குங்க."

சந்தோஷம் தாங்கவில்லை. நீங்களே சொல்லுங்கள், இதை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டலாமா, கூடாதா?