மேம்பாலத்தில் நின்ற கார்

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பை வெள்ளம் மூழ்கடித்துப் போன பிறகு ஒரு வழக்கம் வந்துவிட்டது. வானம் கறுத்தால் போதும், ஆண்கள் எல்லாரும் காரை மேம்பாலத்தில் ஏற்றி ஓரமாக நிறுத்திவிடுவார்கள். புத்திசாலித்தனம்தான், யார் இல்லை என்றது? மற்றவர்கள் காரைப் பூட்டிவிட்டு நடந்தே வீடு திரும்புவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வர மாட்டார். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆனாலும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் உட்காரும் மனநல ஆலோசகர் ஒருநாள் எங்கள் வாசலுக்கே வந்தார். தூக்கம் வருகிறதா, பயம் இருக்கிறதா என்று ஃபாரத்தை நீட்டினார். எனக்குச் சுருக்கென்றது. சேற்றை அள்ள ஒருத்தரும் வரவில்லை, மனதைக் கிளற மட்டும் வந்துவிட்டார்களாக்கும். "நாங்க ஓக்கே லா, மிஸ். பக்கத்து வீட்டுல கேளுங்க," என்று அனுப்பிவிட்டேன். வெள்ளம் வடிந்து மாதங்கள் ஆகியும் எங்கள் அரிசி மூட்டை மாடிப் படுக்கையறையிலேயே இருந்தது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. அவர் காரோடு போய்விட்டார். ஒன்பது வயது மகள் புத்தகப் பையை பிளாஸ்டிக்கில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"ம்மா, அப்பாவுக்கு நம்மள விட கார்தான் பெருசா?"

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, மழை குறைந்ததும் அவளையும் இழுத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு நடந்தேன்.

கண்ணாடியைத் தட்டியதும் அவர் திடுக்கிட்டார். "தண்ணி ஏறிடுச்சா?"

"மழையே விட்டுப் போச்சு. உங்க மக ஒன்னு கேட்கறா, பதில் சொல்லுங்க."

மகள் கேட்டாள். அவர் கீழே கை காட்டினார். கடைசி வரிசையில் எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது.

"வெள்ளம் வந்த அன்னைக்கு வேலை முடிஞ்சு வந்து இங்கதான்மா மாட்டிக்கிட்டேன். போலீஸ் கீழ எறங்க விடல. நீயும் அம்மாவும் மாடி ஜன்னல்ல துணிய ஆட்டினீங்க. போட் வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னேன். இப்ப மழ வந்தா வீட்டுல உட்கார முடியல. இங்கேர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாதான் உங்களுக்கு ஒன்னும் ஆகாதுன்னு தோணுது."

திட்டப் போனவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து அழுதேன். காருக்குக் காவல்காரர் என்று இத்தனை மாதம் அவரைக் கிண்டலடித்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனோம். "மிஸ், அன்னைக்கு நான் சொன்னத அடிச்சிடுங்க," என்றேன்.

அந்தப் பெண் புது ஃபாரத்தை எடுத்தார். "யாருக்கும்மா?"

இவருக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மூணு பேருக்கும்," என்றேன்.